கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை: யூனிவர்சல் கிரெடிட்டில் நான் தனி ஆள்தானே?

மாதுளை:
வணக்கம். லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை எடுக்கிறேன். வருகிற வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லி ஜர்னலில் (இணையக் கணக்கின் செய்திப் பக்கத்தில்) செய்தி வந்திருக்கிறது. வீட்டில் யார் யார் வசிக்கிறார்கள் என்று பேச வேண்டுமாம், வேறு விளக்கம் இல்லை. நாங்கள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம், இன்னும் பதிவு செய்யவில்லை. சட்டப்படி நான் தனி ஆள்தானே? நேற்று அவருடைய வங்கிக் கடிதம் என் முகவரிக்கு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் வெகுநேரம் நின்றேன். இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

டூட்டிங் அண்ணா:
தங்கச்சி, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நான் 2001 இல் வந்தேன். கடைக்கு மேலே ஓர் அறை, ஆறு பேர், மூன்று மெத்தை. பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து விடிய வருவேன். பகல் வேலைக்குப் போகிறவர் எழுந்ததும் அவருடைய போர்வையின் சூடு ஆறுவதற்குள் நான் படுத்துவிடுவேன். முதல் குளிர்காலம் முழுவதும் ஒரே மேல்சட்டை. அரசாங்கத்திடம் ஒரு சதம் கேட்கவில்லை. உங்களுக்கும் வேலை ஒன்று கிடைத்துவிட்டால் இந்தக் கேள்வியே வராது. வெயார்ஹவுஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், விசாரித்துச் சொல்லட்டுமா?

பனங்கிழங்கு:
வாரத்துக்கு மூன்று இரவு வரை ஒருவர் வந்து தங்கலாம், அதுவரை தனி ஆள் கணக்குத்தான். எனக்கு இங்கே வந்த நாளிலிருந்தே தெரிந்த விதி. கடிதங்களை வேறு நண்பர் வீட்டு முகவரிக்கு மாற்றிவிடுங்கள்.

கருவேப்பிலை:
பனங்கிழங்கு, தயவுசெய்து அந்த ஆலோசனையைக் கொடுக்காதீர்கள். மூன்று இரவு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. என் தோழி ஒருத்தி அதை நம்பித்தான் இரண்டு வருடப் பணத்தை இன்றுவரை மாதாமாதம் திருப்பிக் கட்டுகிறாள். இரவுகளை யாரும் எண்ணுவதில்லை. ஒரே குடித்தனமா, பணம் எப்படிப் போய் வருகிறது, உறவு நிலையானதா, பிள்ளையை யார் பார்க்கிறார்கள், ஊரார் உங்களைக் கணவன் மனைவியாக அறிவார்களா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பதிவு செய்யாவிட்டாலும் தம்பதியராக ஒரே வீட்டில் வாழ்ந்தால் தம்பதியர்தான். படுக்கையறை விஷயம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை தங்கச்சி, கேட்டால் பதில் சொல்லத் தேவையில்லை.

லூயிஷம் வாசி:
அவருக்கு என்ன விசா? பொது நிதி, அதாவது அரசு உதவித்தொகை, பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் நீங்கள் பணம் எடுப்பதே அவருடைய விசாவுக்கு ஆபத்து. நான் என் மனைவியை அழைக்க எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? 2024 ஏப்ரலில் அதற்கான குறைந்தபட்ச ஆண்டு வருமான வரம்பை 29,000 பவுண்டு ஆக்கினார்கள். இரண்டு வேலை, ஞாயிறு உட்பட. மகன் பிறந்ததைக் கைபேசித் திரையில்தான் பார்த்தேன்.

ஹரோ மாமி:
ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிரிந்துவிட்டோம் என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் நம் ஆட்களிலும் இருக்கிறார்கள். அவர்களால்தான் இந்தப் பிள்ளை போன்றவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.

டூட்டிங் அண்ணா:
அக்கா, வாடகையையும் பாருங்கள். ஓர் அறைக்கே சம்பளத்தில் பாதி போகிறது. இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்தால் செலவு பாதியாகும் என்று நினைக்கிறார்கள், பாணும் பாலும் பாதி விலைக்கா கொடுக்கிறார்கள்?

பனங்கிழங்கு:
அதுதான். நேர்மையாக இருப்பவனுக்குத்தான் இங்கே வெட்டு.

ஆனைக்கோட்டையான்:
அந்தப் பிள்ளைக்கு வியாழக்கிழமை போக வேண்டியிருக்கிறது, நாம் வாடகையைப் பேசிக்கொண்டிருக்கிறோம். மாதுளை, நான்கு விஷயம் தெரியாமல் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. உங்கள் விசா என்ன, அவருடைய விசா என்ன? அவர் எந்தத் தேதியில் குடிவந்தார்? உங்கள் கணக்கு மாதம் (உதவித்தொகையைக் கணக்கிடும் ஒரு மாத காலம்) எந்தத் தேதியில் முடிகிறது? அவருடைய கைக்கு வரும் சம்பளமும் இரண்டு பேரின் சேமிப்பும் எவ்வளவு?

மாதுளை:
மன்னியுங்கள், பதற்றத்தில் எழுதவில்லை. எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. அவர் முதியோர் இல்லத்தில் வேலை, வேலை விசா, பொது நிதி கிடையாது என்று அதில் இருக்கிறது. கைக்கு 1,600 பவுண்டு வருகிறது. செப்டம்பர் 20 அன்று லெஸ்டரிலிருந்து பெட்டியோடு வந்தார். கணக்கு மாதம் 12 தொடங்கி 11 இல் முடிகிறது. அவரிடம் 3,000 பவுண்டு சேமிப்பு, என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள், அவருடைய பிள்ளை அல்ல. வாடகைக்கும் இதிலிருந்துதான் உதவி வருகிறது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் என் பெயரில் ஒரு வீடு, அதில் அம்மா இருக்கிறா, 71 வயது. அதையும் கேட்பார்களா? தாலிக்கொடி? யாராவது கதவைத் தட்டினால் அவருடைய சப்பாத்தை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைக்கிறேன். மகள் ஏன் என்று கேட்கிறாள்.

ஆனைக்கோட்டையான்:
இன்று 2025 அக்டோபர் 6. குடிவந்த நாளும் இன்றைய நாளும் ஒரே கணக்கு மாதத்துக்குள் இருக்கின்றன. அந்த மாதத்துக்கான பணம் இன்னும் உங்களுக்கு வரவில்லை. அதனால் நீங்கள் இன்னும் அதிகமாக எதையும் வாங்கவில்லை. வியாழன்வரை காத்திருக்காமல் இன்றிரவே இணையக் கணக்கில் மாற்றத்தை அறிவிக்கும் பகுதிக்குப் போய், இவர் செப்டம்பர் 20 முதல் என்னுடன் வாழ்கிறார் என்று பதியுங்கள், ஜர்னலிலும் எழுதுங்கள். 11 ஆம் தேதி தாண்டினால்தான் சிக்கல் தொடங்கும். கூடுதலாக வந்த பணத்தை, தவறு யாருடையதானாலும், அவர்கள் திரும்பக் கேட்கலாம். தெரிந்தே மறைத்தால் அது குற்ற வழக்காகவும் போகலாம்.

லூயிஷம் வாசி சொன்ன பயம் உங்களுக்குப் பொருந்தாது. பணம் உங்கள் உரிமையில் உங்களுக்கு வருகிறது. அவர் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும், ஆனால் அவருக்கென்று ஒன்றும் சேராது. தம்பதியருக்கான மாதத் தொகை 2025-26 ஆண்டில், ஒருவராவது 25 வயதை எட்டியிருந்தால், 628.10 பவுண்டு. உங்களுக்கு அது வராது, 25 வயது ஆகியிருந்தால் தனி ஆளுக்குரிய 400.14 தான் அடிப்படை. மகளுக்கான தொகையும் வாடகை உதவியும் அதன்மேல் வரும்.

வலிக்கிற இடம் அடுத்தது. அவருடைய சம்பளமும் சேமிப்பும் முழுதாகக் கணக்கில் வரும். பிள்ளை இருப்பதாலும் வாடகை உதவி பெறுவதாலும் முதல் 411 பவுண்டை (2025-26 அளவு) விட்டுவிடுவார்கள். மீதி 1,189 இல் 55 சதவீதம் கழியும், அதாவது மாதம் 653.95 பவுண்டு குறையும். அவர் உங்கள் மகளைப் பெறாதவர் என்பதை இந்தக் கணக்கு பார்க்காது. அது நியாயமில்லை என்றே நானும் நினைக்கிறேன். இன்றே இருவரும் உட்கார்ந்து, வாடகைக்கு யார் எவ்வளவு என்று பேசிவிடுங்கள்.

சேமிப்பு இருவருக்கும் சேர்த்து 6,000 க்குள் இருப்பதால் கழிவு இல்லை. 16,000 தாண்டினால்தான் முற்றாக நிற்கும். தாலிக்கொடி உங்கள் சொந்த உடைமை, அது சேமிப்பாகாது. வெளிநாட்டு வீடு சாதாரணமாகச் சேமிப்பில் சேரும். ஆனால் ஓய்வூதிய வயதைத் தாண்டிய தாய் அதில் குடியிருப்பதால் உங்கள் வீட்டை விட்டுவிடுவார்கள். மறைக்காமல் சொல்லி, அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் நகலைக் கொடுங்கள்.

கருவேப்பிலை:
கவுன்சில் (உள்ளாட்சி) வரியில் தனி ஆளுக்கு 25 சதவீதத் தள்ளுபடி வாங்கியிருந்தால் அதையும் கவுன்சிலுக்கு இன்றே அறிவியுங்கள். பலர் மறப்பது அதைத்தான். முடிவு தவறாக வந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதன் பிறகு தீர்ப்பாயம் இருக்கிறது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாக உதவுவார்கள், நாளைக் காலையிலேயே அழையுங்கள்.

மாதுளை:
இணையத்தில் பதிந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் இருந்தார். வியாழக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போகவா? என் ஆங்கிலம் போதாது.

ஆனைக்கோட்டையான்:
தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஜர்னலில் இன்றே எழுதுங்கள், கட்டணம் இல்லை. அவர் உங்களுக்காக மொழிபெயர்க்க வேண்டாம். அவர் வர வேண்டுமா என்றும் அதிலேயே கேளுங்கள். அவருடைய தேசிய காப்பீட்டு எண், சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, உங்கள் வாடகை ஒப்பந்தம் நான்கையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துப்போங்கள். அந்த வங்கிக் கடிதத்தையும் அதில் சேருங்கள். அவர் எப்போது குடிவந்தார் என்று காட்ட அது உதவும்.