நாசகாரிக் கப்பலுக்கு நான் இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது?

பல்லடத்துக்காரன்:
சைலன்ட் ஹன்டர் 3 என்ற நீர்மூழ்கிக் கப்பல் கணினி ஆட்டத்தில் 150 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி முழு வேகத்தில் ஓடினாலும் எதிரிக் கப்பல் நேராகத் தலைக்கு மேல் வந்துவிடுகிறது. மூன்று இரவுகளாக இதே கதை. எப்படி அண்ணா?

சோமனூர் தறிக்காரர்:
தம்பி, முழு வேகம்தான் உன்னைக் காட்டிக்கொடுக்கிறது. எங்கள் கொட்டகையில் பன்னிரண்டு தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது. மின்சாரம் நின்ற நொடியில் அடுத்த வீதி நாய் குரைப்பது கேட்கும். கடலுக்கடியிலும் அதேதான். உன் புரொப்பல்லர் இரைந்தால் அவர்கள் காதில் விழும். நீருக்கடியில் ஒலி கேட்கும் உன் ஹைட்ரோஃபோனோ செவிடாகிவிடும். மணிக்கு 2 கடல்மைலுக்குக் குறைத்துப் பார்.

பவானி வாசகர்:
அவர்கள் ‘பிங்’ என்ற ஒலித்துடிப்பை அனுப்பினால் மௌனம் மட்டும் போதாது. அது எதிரொலியைத் தேடுவது. பக்கவாட்டைக் காட்டாதே, வாலைக் காட்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ஆஸ்டிக் (எதிரொலியால் நீர்மூழ்கியைத் தேடும் சோனார் கருவி) கற்றை நேர் கீழே பாயாது. கப்பல் தலைக்கு மேல் வரும்போது நீ அதற்குத் தெரியமாட்டாய். அந்தச் சில நொடிகளில் வேகமெடுத்துத் திரும்பு.

பல்லடத்துக்காரன்:
நேற்றிரவு தவழ்ந்தே போனேன். எதிரிக் கப்பலின் புரொப்பல்லர் சத்தம் இடமிருந்து வலமாகத் தேய்ந்து மறைந்தது. ஹெட்போனைக் கழற்ற மனமே வரவில்லை.