சிக்கிள் செல் டிரெய்ட் உள்ளவர்களுக்குச் சிறுநீரில் ரத்தம்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

பந்தலூரிலிருந்து ஓர் அண்ணன்

என் தம்பிக்கு சிக்கிள் செல் டிரெய்ட். அதாவது, ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைகிற சிக்கிள் செல் நோயின் மரபணு அப்பா, அம்மாவில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருக்கிறது. முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது நோய் இல்லை, கல்யாணம் பேசும்போது பெண்ணுக்கும் டெஸ்ட் பாருங்கள்" என்றார்கள். சரியான பேச்சுதான். இரண்டு பேருக்கும் டிரெய்ட் இருந்தால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் சிக்கிள் செல் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஆனால் கிட்னியைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை.

தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை அவனுக்கு, வயது 23. ஒருநாள் ஒண்ணுக்கு கட்டன் சாயா நிறத்தில் போகிறது என்றான். வலி இல்லை. சூடு என்று அம்மா சீரகத் தண்ணீர் கொடுத்தார். தெளிந்தது, அப்புறம் திரும்ப வந்தது. முதலில் காட்டிய இடத்தில் கல்லுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள், ஸ்கேன் எழுதவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. வலது விலாவுக்குக் கீழே வலி வந்து, பேண்ட் இடுப்பில் நிற்காமல் போனபிறகுதான் ஸ்கேன். வலது கிட்னியின் நடுவில் கட்டி. கோவையில் சதை எடுத்துப் பார்த்து 'ரீனல் மெடுல்லரி கார்சினோமா', அதாவது கிட்னியின் உள்பகுதியில் வரும் புற்றுநோய் என்றார்கள். ஐஎன்ஐ1 என்ற புரதம் அந்தச் செல்களில் இல்லாததை வைத்து உறுதிசெய்தார்களாம். அதற்குள் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்துகளை ஏற்றினார்கள். கொஞ்ச நாள் கட்டி சுருங்கியது, எழுந்து நடந்தான், சாப்பிட்டான். அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டான்.

டாக்டர் விளக்கியது இது. கிட்னியின் உள்பகுதியில் ஆக்சிஜன் குறைவு, உப்பு அதிகம். டிரெய்ட் மட்டும் உள்ளவர்களுக்கும் அந்த இடத்தில் ரத்த அணுக்கள் அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். அதற்கும் இந்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். 1995இல்தான் இந்தப் புற்றுநோயைத் தனி வகையாக எழுதினார்கள். பெரும்பாலும் இளவயதில் வரும், ஆண்களுக்கு அதிகம், வலது கிட்னியில் அதிகம்.

கூடலூர், செவிலியர்

அண்ணா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. இதைப் படிப்பவர்கள் பயந்துவிடக் கூடாது என்பதால் நானும் ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் பதிவானதே 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பணியர், இருளர், குறும்பர் வீடுகளில் டிரெய்ட் உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களில் இந்தப் புற்றுநோய் வருவது மிக மிக அரிது. சிறுநீரில் ரத்தம் போனாலும் பெரும்பாலும் கிட்னியின் உள்முனைத் திசு கெட்டுப் போவதுதான் காரணம்.

எங்களிடம் ஒரு காலேஜ் பெண் அப்படித்தான் வந்தாள். இடது கிட்னியிலிருந்து ரத்தம். ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை. படுத்து ஓய்வெடுத்தாள், நிறையத் தண்ணீர் குடித்தாள், நின்றுவிட்டது. ஆனால் சிறுநீரின் நிறத்தைப் பார்த்து இது புற்றுநோயா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. அதனால் ஸ்கேன் கட்டாயம்.

ஐயன்கொல்லி

அக்கா, என் அக்கா மகனுக்கு ஹீமோகுளோபின் 13 இருக்கிறது. அப்படியென்றால் டிரெய்ட் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடலூர், செவிலியர்

இல்லை தம்பி. டிரெய்ட் இருந்தாலும் ஹீமோகுளோபின் சரியாகவே இருக்கும். ஹீமோகுளோபினின் வகையைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோபோரசிஸ் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தால்தான் தெரியும். 2023இல் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் 40 வயது வரை பரிசோதித்து கார்டு தருகிறார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை டாக்டரிடம் முதலில் காட்டச் சொல்லுங்கள். வெளியூர் டாக்டர்களுக்கு நீங்கள் சொன்னால்தான் தெரியும்.