பாதியில் நிற்கும் ஆய்வேட்டை எங்கிருந்து மீண்டும் தொடங்குவது?

கடற்கரை வாசகி (திருகோணமலை) கேட்கிறார்:

வணக்கம். நான் நகரிலுள்ள ஒரு பாடசாலையில் புவியியல் கற்பிக்கின்றேன். முதுகலைப் பட்டத்திற்கான எனது ஆய்வேடு பாதியில் நிற்கின்றது. தென்மேல் பருவக்காற்றினால் மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் நமது கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வதும், வாடைக்காற்று தொடங்குமுன் ஊர் திரும்புவதும் இங்குள்ள பலருக்குத் தெரிந்த செய்தி. அவர்களுக்கும் உள்ளூர் மீனவர்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல், பூசல், நட்பு ஆகியவற்றையே நான் ஆராய்கின்றேன். குச்சவெளிப் பக்கத்தில் எடுத்த நேர்காணல்கள் யாவும் ஒலிப்பதிவாகக் கைத்தொலைபேசியில் உள்ளன. முதல் இரண்டு இயல்களும் எழுதி முடிந்துவிட்டன.

அதற்கு அப்பால் ஓர் அடிகூட நகரவில்லை. தவணைப் பரீட்சை விடைத்தாள்களைக் குறித்த நாளுக்கு முன்பே திருத்திக் கொடுத்துவிடுகின்றேன். வீட்டு வேலை, பிள்ளைகளின் படிப்பு, உறவினர் வீட்டு நன்மை தீமை என்று எதிலும் பின்னிற்பதில்லை. ஆய்வேட்டுக் கோப்பைத் திறந்தால் மட்டும் உடனே வேறொரு வேலை நினைவுக்கு வந்துவிடுகின்றது. அலமாரியை ஒழுங்குபடுத்துகின்றேன், அல்லது ஏற்கெனவே படித்த கட்டுரையொன்றை மறுபடியும் படிக்கின்றேன். இரவு படுக்கும்போது நெஞ்சில் ஒரு பாரம் ஏறிக்கொள்கின்றது. சோம்பல்தான் காரணம் என்றால் மற்ற வேலைகளும் அல்லவா நின்றிருக்க வேண்டும்? இது ஏன் என்பதையும், எந்த இடத்தைப் பிடித்துத் தொடங்குவது என்பதையும் அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

உப்புவெளி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பிள்ளை, உங்கள் கேள்வியைப் படித்ததும் உயர்தர வகுப்பில் நான் கண்ட பல மாணவர்கள் நினைவுக்கு வந்தார்கள். மனம் வரும்போது செய்வோம் என்று காத்திருந்தவர்களைவிட, மனம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் மேசையில் அமர்ந்தவர்களே பாடத்தை முடித்தார்கள். ஆகவே வீடு விழிக்குமுன், கோணேசர் கோயிலில் காலைப் பூசை தொடங்கும் வேளையில் எழுந்து, தொலைபேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு எழுதுங்கள். வார இறுதியில் வீட்டில் அமைதி இல்லையெனில் பொது நூலகத்தில் ஓர் இருக்கையை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். இடம் மாறினால் புத்தியும் மாறும் என்பது என் நீண்டகால எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதியில் நிற்பவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அவற்றுள் இனிச் செய்யத் தேவையே இல்லாதவை சில இருக்கும். ஆர்வத்தில் தொடங்கிய ஒரு பாடநெறி, எவரும் கேட்காத ஒரு கட்டுரை என்பன அத்தகையவை. அவற்றை மனமறிந்து கைவிடுவதும் ஒரு முடிவுதான். முடிவெடுக்காமல் வைத்திருப்பதுதான் மனிதனை அரிக்கின்றது.

நிலாவெளி, உளவளத்துணையாளர்:

சகோதரி, இது சோம்பல் அன்று என்ற உங்கள் ஊகம் சரியானது. 2013ஆம் ஆண்டு வூஷியா சிரோய், திமோதி பிச்சில் என்ற உளவியலாளர் இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையொன்று, பின்போடுதல் என்பது நேரத்தைக் கையாளத் தெரியாமையால் வருவதைவிட, ஒரு வேலை எழுப்பும் அச்சம், சலிப்பு, ஐயம் போன்ற உணர்வுகளிலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கொள்ளும் முயற்சியாகவே பெரிதும் நிகழ்கின்றது என விளக்கியது. விடைத்தாள் திருத்துவதில் உங்களை எவரும் மதிப்பிடப் போவதில்லை. ஆய்வேட்டில் ஒவ்வொரு வரியும் மதிப்பிடப்படும். அலமாரியை ஒழுங்குபடுத்தப் போனதும் நெஞ்சிலிருந்த இறுக்கம் தளர்கின்றது. அந்தத் தளர்ச்சியே ஒரு பரிசாக அமைந்து, மறுநாளும் அதே வழியில் உங்களை அனுப்பிவைக்கின்றது.

ஆகையால் ஐயா கூறியவற்றுள் இடத்தையும் நேரத்தையும் பற்றிய பகுதியை மனமார ஏற்கின்றேன். ஆயினும் விடியுமுன் எழும்புதல் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. சிறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, தலைவாரி, பாடசாலைக்கு அனுப்பும் ஒரு தாய்க்கு அந்த நேரம் அவளுடையது அன்று. அதில் ஒரு திட்டத்தைக் கட்டி, அது உடைந்ததும் தன்னையே நொந்துகொள்பவர்களை எனது பணியில் அடிக்கடி காண்கின்றேன்.

எந்த நேரம் என்பதைவிட, நேரமும் இடமும் செயலும் முன்கூட்டியே ஒன்றாக முடிச்சிடப்பட்டிருக்கின்றனவா என்பதே முக்கியம். பீற்றர் கொல்விட்சர் என்ற ஜேர்மன் உளவியலாளர் தம் சக ஆய்வாளருடன் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நத்தார் விடுமுறைக்குச் செல்லவிருந்த மாணவர்களிடம், பண்டிகை முடிந்து இரண்டு நாட்களுக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்புமாறு கேட்கப்பட்டது. அவர்களில் ஒரு சாராரிடம் மட்டும், அதனை எப்போது, எங்கே அமர்ந்து எழுதுவார்கள் என்பதையும் குறித்துக் கொடுக்கச் சொன்னார்கள். அவ்வாறு குறித்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் உரிய நேரத்தில் எழுதினார்கள்; மற்றையோரில் மூன்றிலொரு பங்கினரே எழுதினார்கள். இரு சாராரும் எழுத விரும்பியவர்களே. ‘சனிக்கிழமை எழுதுவேன்’ என்பது வெறும் விருப்பம். ‘சனிக்கிழமை மகனை ரியூசனில் விட்டதும், நூலகத்தின் யன்னலோர மேசையில் அமர்ந்து, முதலாவது ஒலிப்பதிவை எழுத்தில் இறக்குவேன்’ என்பது செயலுக்குக் கிட்ட நிற்கின்றது. அந்த நேரம் வந்ததும் என்ன செய்வது என்று நீங்கள் மீண்டும் யோசிக்க வேண்டியதில்லை. தப்பியோடும் எண்ணம் நுழைவதே அந்த யோசனையின்போதுதான்.

உங்கள் விடயத்தில் மூன்றாம் இயல் என்பது ஒரு வேலையே அன்று. அது பல வேலைகளின் மூட்டை. ஒலிப்பதிவை எழுத்தாக்குதல், அதில் கருப்பொருள்களைப் பிரித்தல், அட்டவணை தயாரித்தல், பிறகே எழுதுதல். முதலில் ஒரேயொரு மீனவரின் பேச்சில் பத்து நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடப் பேச்சை எழுத்தில் இறக்குவதற்கு ஒரு மணித்தியாலம் எளிதில் போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். கனடாவில் 1994இல் வெளியான ஓர் ஆய்வில், இறுதியாண்டு ஆய்வேடு எழுதிய உளவியல் மாணவர்கள் சராசரியாக 34 நாட்களில் முடிப்போம் என்று மதிப்பிட்டார்கள். உண்மையில் 55 நாட்களுக்கு மேல் பிடித்தது. கெட்டிக்கார மாணவர்களுக்கே கணக்கு அப்படித் தவறும்போது, நீங்கள் குறித்த நாளில் முடிக்க முடியாமற் போவதை உங்கள் குறையாகக் கொள்ள வேண்டாம்.

கடைசியாக, கடந்துபோன மாதங்களுக்காக உங்களை வைதுகொள்வதை நிறுத்துங்கள். இது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று. கார்ல்ட்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவரிடையே செய்யப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், முதற் பரீட்சைக்குப் படிக்காமல் பின்போட்டதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே பின்போட்டார்கள். வைதுகொள்ள வைதுகொள்ள அந்தக் கோப்பின் மீதான கசப்பு கூடும். கசப்பானதை மனம் மேலும் ஒதுக்கும்.

கிண்ணியா, தையற்காரர்:

ரீச்சர், எனக்கு ஆய்வேடு தெரியாது. ஆனால் பாதியில் கிடக்கும் வேலையோடு தினமும் வாழ்கின்றவன். பாடசாலை திறக்கும் காலத்திலும் பெருநாளுக்கு முன்பும் கடையில் துணி மலையாகக் குவியும். அப்போது நான் கைக்கொள்ளும் வழக்கத்தைச் சொல்கின்றேன்.

ஒரு சட்டையை முழுவதுமாக முடித்துவிட்டுக் கடையைப் பூட்டுவதில்லை. அடுத்த சட்டையின் தோள் மூட்டைப் பொருத்தி, பாதித் தூரம் தைத்து, ஊசி துணிக்குள் இறங்கி நிற்க, மிசினை அப்படியே விட்டுவிட்டுப் போவேன். காலையில் வந்து கால் பெடலில் பட்டதும் தையல் ஓடும். எதை வெட்டுவது, எந்த நூலைப் போடுவது என்று நின்று யோசிக்க வேண்டியதே இல்லை. முடித்துவிட்டுப் போன நாட்களில்தான் மறுநாள் தேநீர் குடிப்பதிலும் கதைப்பதிலும் காலை கழிந்துவிடும்.

நீங்களும் ஒரு பந்தியை முடித்து முற்றுப்புள்ளி வைத்துவிட்டு எழும்பாதீர்கள். அடுத்த வசனத்தைப் பாதி எழுதி, அதன் கீழே நாளைக்கு என்ன வரவேண்டும் என்பதை ஒரு வரியில் குறித்துவிட்டு எழும்புங்கள்.

நிலாவெளி, உளவளத்துணையாளர்:

நானாவின் வழக்கத்துக்கு ஆய்விலும் ஆதாரம் உண்டு. மரியா ஒவ்சியான்கினா என்ற உளவியலாளர் 1928இல், வேலையின் நடுவே இடைமறிக்கப்பட்டவர்கள் எவரும் ஏவாமலே அதனைத் தொடரத் திரும்புகின்றார்கள் என்று காட்டினார். அவரோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் புளூமா ஸைகார்னிக், முடியாத வேலைகளே நினைவில் நன்றாக நிற்கின்றன என்று 1927இல் எழுதியது பிற்காலப் பரிசோதனைகளில் ஒரே சீராக உறுதிப்படவில்லை. தொடரத் தூண்டும் அந்த இழுப்பு இன்னும் நிலைத்து நிற்கின்றது. ஆனால் தொடங்கியிருந்தால்தான் அந்த இழுப்பு வேலை செய்யும். அதனால்தான் முதற் பத்து நிமிடத்தில் இவ்வளவு பிடிவாதம் காட்டுகின்றேன்.

கடற்கரை வாசகி:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நானாவுக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பின்னர்தான் முள் எங்கே தைத்திருக்கின்றது என்பது புலப்படுகின்றது. இரண்டாம் இயலைப் படித்த எனது மேற்பார்வையாளர் திருத்தங்களைக் குறித்து அனுப்பிய மின்னஞ்சலை நான் இன்னும் முழுமையாகத் திறந்து பார்க்கவில்லை, பதிலும் எழுதவில்லை. நாட்கள் கூடக்கூட, வெறுங்கையோடு எழுதுவதா, மூன்றாம் இயலை முடித்து அதனோடு சேர்த்து அனுப்பினால் மதிப்பாக இருக்குமே என்று எண்ணி எண்ணியே இரண்டும் நின்றுவிட்டன. இப்போது முதலில் எதைச் செய்வது? பத்து நிமிட ஒலிப்பதிவா, அந்த மின்னஞ்சலா?

விரிவுரையாளர் ஒருவர் (திருகோணமலை):

ஆய்வு மாணவர்களை மேற்பார்வை செய்பவன் என்ற முறையில் எழுதுகின்றேன். மின்னஞ்சல்தான் முதலில். மூன்றாம் இயலோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்தை இன்றே விடுங்கள். அது மரியாதை போலத் தோன்றினாலும் உங்களைக் கட்டிப்போடும் கயிறு அதுவே. மாணவர் ஒருவர் பல மாதங்கள் பேசாதிருந்தால் நாங்கள் கோபப்படுவதைவிட, அவருக்கு உடல்நலமா, குடும்பத்தில் ஏதேனுமா, ஆய்வையே விட்டுவிட்டாரா என்று தெரியாமல் தவிப்பதே அதிகம். வெறுங்கையோடு வந்த நாலு வரிக் கடிதம் அந்தத் தவிப்பை நீக்கிவிடும்.

நீண்ட விளக்கமும் மன்னிப்பும் எழுத வேண்டாம். அவற்றை எழுத முனைந்தால் கடிதமே இன்னொரு ஆய்வேடாகிவிடும். உங்கள் சொல்லில் இவ்வாறு அமையலாம்: ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் திருத்தங்கள் கிடைத்தன. பதிலளிக்கத் தாமதமாகிவிட்டது. தற்போது நேர்காணல்களை எழுத்தாக்கும் பணியைத் தொடங்குகின்றேன். முதல் நேர்காணலின் எழுத்துவடிவை இம்மாத இறுதிக்குள் அனுப்பிவைப்பேன். அதன் பின்னர் மூன்றாம் இயலின் அமைப்புக் குறித்துத் தங்களைச் சந்திக்க விரும்புகின்றேன்.’ இதனை அனுப்பிய பிறகே திருத்தங்களைத் திறந்து பாருங்கள். அவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. எழுத்துப்பிழை, சான்றாதாரம் போன்றவற்றை ஒரு நிறத்திலும், வாதத்தைத் தொடும் கேள்விகளை இன்னொரு நிறத்திலும் குறியுங்கள். முதல் வகையே அதிகமாக இருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். அவற்றைத் திருத்தத் துணிவு தேவையில்லை, ஒரு மாலைப் பொழுது போதும்.

இன்னொரு விடயத்தையும் கவனியுங்கள். பட்டத்திற்கான பதிவுக் காலம் எப்போது முடிகின்றது என்பதை உங்கள் பதிவுக் கடிதத்தில் பாருங்கள். நீடிப்பு வேண்டுமெனில், காலம் கடந்த பின்னர் கேட்பதைவிட அதற்கு முன்னரே விண்ணப்பிப்பது மிக எளிது. அதற்கு மேற்பார்வையாளரின் பரிந்துரையும் தேவைப்படலாம். மின்னஞ்சலை இப்போதே அனுப்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பீடத்தின் முதுமாணிக் கற்கைகள் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, படிவமும் கட்டணமும் பற்றிக் கேட்டறிந்துகொள்ளுங்கள்.