வழுக்கவில்லை, கவிழவில்லை, ஸ்டியரிங் மட்டும் ஆடியது

மலைப்பாதையில் பயந்த கதை எல்லாரிடமும் ஒன்று இருக்கும். நான் பயந்தது, வளைவு என்று சொல்லும்படி எதுவுமே இல்லாத ஒரு சாலையில்.

கனடாவில் வின்னிபெக்கிலிருந்து ரெஜைனா, டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் கிட்டத்தட்ட 575 கிலோமீட்டர். என் கணவருக்கு ரெஜைனாவில் புது வேலை, ஜனவரி நடுவில் சேர வேண்டும். பெரிய சாமான்களை முன்னாடியே லாரியில் அனுப்பிவிட்டோம். துணிமணி, பாத்திரம், மசாலா டப்பா எல்லாம் காரில். கூடவே ஒரு மண்வாரி, இரண்டு கம்பளி, தகர டப்பாவுக்குள் நாலு மெழுகுவர்த்தி. பனியில் மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது, புகைக்குழாயில் பனி அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு மெழுகுவர்த்தி இருந்தால் உள்ளே விறைக்காமல் இருக்கலாம் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்லியிருந்தார். "எதுக்கும்மா, கரண்ட் கட் ஆகுமா?" என்று கிண்டல் செய்தார் இவர்.

அன்று காலை மைனஸ் 31. ராத்திரி முழுக்க எஞ்சின் ஹீட்டரை பிளக்கில் சொருகி வைத்திருந்ததால் வண்டி கிளம்பிவிட்டது, ஆனால் டயர் நின்ற இடத்தில் தட்டையாக விறைத்துப்போய், முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மாட்டுவண்டி மாதிரி தடதடவென்று குலுக்கியது. டயர் சூடானதும் சரியாகிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எனக்கு ஊர் தஞ்சாவூர் பக்கம். சமவெளி தெரியாதவள் இல்லை. ஆனால் எங்கள் ஊர்ச் சமவெளியில் திரும்பின பக்கமெல்லாம் ஒரு தென்னை, ஒரு கோபுரம், ஒரு டீக்கடை இருக்கும். இங்கே ஒன்றும் கிடையாது. பனியுகம் முடிகிற சமயத்தில் உருகிய தண்ணீர் தேங்கி நின்ற அகாசி என்ற மகா ஏரியின் அடிதான் இந்த நிலமாம், அதனால்தான் இப்படித் தேய்த்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றார் அவர். ரெஜைனா இருக்கும் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நாய் ஓடிப்போனால் மூன்று நாள் கழித்தும் அது ஓடுவது தெரியும் என்று இந்தப் பக்கத்து ஆட்களே கேலி பேசுவார்கள். பக்கத்திலேயே ரயில் பாதை. எதிரே வந்த சரக்கு ரயிலில் தானியப் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தவர் 120 தாண்டியதும் விட்டுவிட்டார்.

போர்ட்டேஜ் லா பிரெய்ரி என்ற ஊர் தாண்டியதும் சூரியனுக்கு இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு சூரியன். உண்மையாகவே மூன்று! 'சன் டாக்' என்கிறார்கள், காற்றில் மிதக்கும் அறுகோணப் பனித்துகள்களில் ஒளி முறிவதால் வருவது. நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்று பாட்டி காட்டுவாரே, அந்த ஜாதிதான். வண்டியை ஓரங்கட்டினார். ஓரம் என்று நினைத்தது முழங்கால் ஆழப் பனி. இரண்டு படம் எடுப்பதற்குள் குளிரில் போன் அணைந்துபோனது, அப்புறம் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி வண்டியை வெளியே எடுக்கப் பத்து நிமிஷம்.

பிராண்டனில் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். டிக்கியில் வைத்த புளியோதரை செங்கல்லாகிவிட்டது, டப்பாவைக் கவிழ்த்தால்கூட விழவில்லை. அதைக் காலடி ஹீட்டர் பக்கம் வைத்துவிட்டு டிம் ஹார்ட்டன்ஸ் காபிக்கடையில் சூப் குடித்தோம், முக்கால் மணி நேரம்.

கிளம்பி வேகம் 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. "காலையில மாதிரிதான், டயர் சூடானா சரியாயிடும்" என்றார். ஆகவில்லை. 90-ல் கண்ணாடி, கதவு, என் பல் எல்லாம் ஆடியது. "என்னங்க, சக்கரம் கழலுது, நிறுத்துங்க" என்கிறேன். எங்கே நிறுத்துவது? காற்று கிளம்பிவிட்டது. மேலே வானம் பளிச்சென்று நீலம், ஒரு பொட்டுப் பனி விழவில்லை, ஆனால் வயலில் கிடந்த பனியெல்லாம் கோலமாவு மாதிரி தரையோடு தரையாகச் சாலையைக் கடந்து பறக்கிறது. ஓரத்துக் கோடு தெரிகிறது, மறைகிறது. 60-க்கு இறக்கினால் ஆட்டம் நிற்கும். சரி, 60-லேயே அடுத்த ஊரான விர்டன் வரை, ஏறக்குறைய 75 கிலோமீட்டர் ஊர்ந்தோம். ஒவ்வொரு லாரி தாண்டும்போதும் நாலைந்து நொடிக்கு வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. மெழுகுவர்த்தி டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன், அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

விர்டன் பெட்ரோல் பங்கில் பக்கத்தில் டீசல் போட்டுக்கொண்டிருந்த பெரியவர், எழுபது வயதிருக்கும், இவர் விழிப்பதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டது ஒரே கேள்விதான்: "பனிக்குள்ள இறக்கினீங்களா?" அப்படியே தரையில் மண்டியிட்டு, கையுறையோடு சக்கரத்தின் உள்பக்கம் தடவினார். பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்குரூடிரைவர். டொக், டொக். ரிம்முக்குள்ளிருந்து இட்லித் தட்டு அகலத்துக்கு ஒரு பனிக்கட்டி, வளைவாக, ரிம்மின் அச்சு அப்படியே பதிந்து வந்து விழுந்தது. நாலு சக்கரத்திலும் இருந்தது. பிரேக் சூட்டில் லேசாக உருகியது, நாங்கள் சூப் குடித்த நேரத்தில் அடிப்பக்கமாக வடிந்து கட்டியாகிவிட்டது. சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் கனம் கூடினால் ஆடாமல் என்ன செய்யும்? நூறில் போகும்போது சக்கரம் நொடிக்குப் பதினாலு தடவை சுற்றுமாம், இதை அப்புறம் எனக்கு விளக்கினவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பெரியவரிடம் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் பயணம் வெண்ணெய். சஸ்காச்சுவான் எல்லை வந்ததும், ஒரு மணி நேரம் லாபம் என்று கார் கடிகாரத்தைப் பின்னால் தள்ளினார். ஆனால் அந்த மாகாணத்தில் பெரும்பாலும் கோடைக்கு என்று கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும் பழக்கமே கிடையாது, வின்னிபெக் இருக்கும் மனிடோபா மாகாணத்தோடு வித்தியாசம் கோடையில் மட்டும்தான், குளிர்காலத்தில் இரண்டும் ஒரே நேரம். தெரியாமல் நிதானமாக ஓட்டி, ஆறு மணிச் சாப்பாட்டுக்கு ஆறரைக்கு நண்பர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு "அரை மணி முன்னாடியே வந்துட்டோம்" என்றார் பெருமையாக.

மறுநாள் காலை ஜன்னலில் எட்டிப் பார்த்தால், கார் பக்கத்தில் குத்துக்காலிட்டு ரிம்மைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். கையில் என் தோசைத்திருப்பி. முனை வளைந்துபோய், இன்றைக்கும் தோசை அதில் ஒரு பக்கமாகத்தான் திரும்புகிறது.