கலை நிர்வாகத்தில் எம்.ஏ.: கடன் வாங்கிப் படிக்கலாமா?

பெசன்ட்நகர் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்து மிருதங்கம் கற்றேன், ஆனால் மேடையில் வாசிப்பது என் பாதை இல்லை. போன மார்கழியில் ஒரு சபாவில் உதவிக்கு நின்றபோது, வித்வானை அழைத்துவர வண்டி, மைக் சரிபார்ப்பு, ஸ்பான்சர் பேனர், டிக்கெட் கவுண்டர் எல்லாவற்றையும் ஒருவர் கோர்த்து நடத்துவதைப் பார்த்தேன். நான் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸிலும் நியூயார்க்கில் கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜிலும் இதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. அப்பா வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார். படித்துவிட்டுத் திரும்பினால் சென்னையில் வேலை கிடைக்குமா? இல்லை, இங்கேயே கற்க வழி இருக்கிறதா?

பட்ஜெட் ஷீட்:
பத்திரத்தை பீரோவிலேயே வைக்கச் சொல்லுங்கள், ப்ளீஸ். சென்னையில் சபாக்களுக்குக் குறைவில்லை, 2017-லேயே யுனெஸ்கோ இசைக்கான படைப்பாக்க நகரம் என்று அறிவித்துவிட்டது, ஆனாலும் பெரும்பாலான சபாக்களை நடத்துவது சம்பளம் வாங்காத கௌரவச் செயலாளர்கள்தான். சம்பள வேலை வேண்டுமென்றால் திருவான்மியூர் கலாக்ஷேத்ரா, முட்டுக்காடு தக்ஷிணசித்ரா, சென்னை போட்டோ பினாலே, கேலரிகள், கம்பெனிகளின் அறக்கட்டளைகள் என்று தேட வேண்டும். காலியிடம் அடிக்கடி வராது.

ஆனால் உங்களிடம் ஏற்கனவே இருக்கும் சரக்கின் மதிப்பு உங்களுக்குத் தெரியவில்லை. 80ஜி, 12ஏ என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகள், நன்கொடை ரசீது, கலைஞருக்குப் பணம் கொடுக்கும்போதே டிடிஎஸ் வரி பிடிப்பது, டிக்கெட் 500 ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி: இதெல்லாம் தெரிந்த ஆள் கலை அமைப்புகளில் கிடைப்பதே அபூர்வம். வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்பு என்றால், அதற்கான எஃப்சிஆர்ஏ சட்டம் வேறு. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும், அதிலிருந்து இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. இது தெரியாமல் கூட்டாக விழா நடத்தத் திட்டம் போட்டுவிட்டு, பாதியில் கையைப் பிசையும் குழுக்கள் உண்டு.

தேம்ஸ் டு கூவம்:
நான் லண்டனில் இதைப் படித்தவள். படிப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். பார்வையாளர் யார், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது அதுதான், அந்தக் கேள்வியை இங்கே எத்தனை கமிட்டிக் கூட்டங்களில் கேட்கிறார்கள்? ஆனால் அங்கே பாடம் முழுக்க, கலைக்கு அரசுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஆர்ட்ஸ் கவுன்சில் மாதிரியான பொது நிதி இருக்கிறது என்ற நினைப்பில் ஓடுகிறது. இங்கே மத்திய கலாச்சார அமைச்சகத்தின் திட்டங்கள், இயல் இசை நாடக மன்றம், அப்புறம் 2013 கம்பெனிச் சட்டப்படி கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் சிஎஸ்ஆர் பணம். அந்தச் சட்டத்தின் பட்டியலில் கலையும் உண்டு, ஆனால் கல்விக்கும் மருத்துவத்துக்கும் போனது போகத்தான் நம் பக்கம் வரும். திரும்பி வந்து பாதியை நானே மாற்றிக் கற்க வேண்டியிருந்தது.

போவதென்றால் உதவித்தொகையோடு போங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், ஆடிட்டர் அலுவலக வேலையும் கணக்கில் வரும். முடித்ததும் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, உங்களுக்கு அது தடையே இல்லையே. கலைத் துறை இந்தியர்களுக்கு நிதி உதவி தரும் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்டையும் பாருங்கள்.

ஒத்திகைக் கொட்டகை:
தம்பி, நான் நாடகக்காரன். பெங்களூர் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், இந்தியா தியேட்டர் ஃபோரம், ஜுனூன் என்ற மூன்று கலை அமைப்புகளும் சேர்ந்து ஸ்மார்ட் என்று ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள், நாடகக் குழு நிர்வாகத்துக்கென்றே. ஜெர்மன் கலாச்சார மையமான கோதே இன்ஸ்டிட்யூட் ஆதரவில் வந்த ஆர்திங்க் சவுத் ஏசியா என்ற கலை நிர்வாகப் பயிற்சி பற்றியும் விசாரி. அருங்காட்சியகப் பக்கம் மனம் போனால் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் மியூசியாலஜி துறை இருக்கிறது.

இன்னொன்று, 'அனுபவம் கிடைக்கும்' என்று சொல்லி வருடக்கணக்கில் சும்மா வேலை வாங்குவார்கள். எங்கள் குழுவில் இருந்த ஒரு பெண் ஓர் அமைப்பில் ஒரு முழு விழாவையே தூக்கி நிறுத்தினாள், கடைசியில் கையில் கொடுத்தது ஒரு பொன்னாடை. எனக்கு இன்னும் ஆறவில்லை. கலைக்கு உழைப்பதும் உழைப்புதான். முதல் நாளே சம்பளத்தைப் பேசு, எழுத்தில் வாங்கு.

பெசன்ட்நகர் பையன்:
ரொம்ப நன்றி, அண்ணா, அக்கா. வேலையை விடாமல் சனி ஞாயிறில் ஒரு சின்ன குழுவுக்குக் கணக்கு பார்த்துக் கொடுத்தால் சரியாக இருக்குமா?

பட்ஜெட் ஷீட்:
தாராளமாக. கணக்கோடு நிற்காமல் ஒரு நிதி விண்ணப்பத்தையாவது முழுசாக நீங்களே எழுதுங்கள். ஒளியமைப்புக்கு எவ்வளவு, ஒத்திகை நாட்களுக்குக் கலைஞருக்கு எவ்வளவு என்று வரி வரியாகப் போட்டுப் பாருங்கள், பல விண்ணப்பங்களில் ஒத்திகைக் காசு என்ற வரியே இருக்காது. வரைவு தயாரானால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.