போத்தல் கன்றை வெளிக்காற்றுக்குக் கொண்டுவருதல்: ஒரு சொல் வேண்டும்

வந்தாறுமூலை, செவ்வாய் இரவு

நம் கலைச்சொல் குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை களுவாஞ்சிக்குடியில் தவறணை (நாற்றுப் பண்ணை) வைத்திருக்கும் பெண்களுக்குப் பயிற்சி. கற்றாழையை இழைய வளர்ப்பில், அதாவது சிறு துண்டிலிருந்து போத்தலுக்குள் கன்றாக வளர்த்து, பெருக்குவது பற்றிய கைந்நூல் நாளை மறுநாள் அச்சுக்குப் போகவேண்டும். மற்றச் சொற்கள் ஒப்பேறிவிட்டன. கடைசிப் படிதான் இழுபடுகிறது.

போத்தலுக்குள் வளர்ந்த கன்றை எடுத்து, வேரில் ஒட்டிய ஏகாரை (கன்று வளர்ந்த கூழ் ஊடகத்தை)க் கழுவி, ஆற்றுமணலும் தும்புச்சோறும் (தென்னந்தும்புத் தூள்) கலந்த தட்டில் நட்டு, பொலித்தீன் மூடியை நாளுக்கு நாள் கொஞ்சம் கூடத் திறந்து வெளிக்காற்றுக்கு விடுகிறோமே, அந்த வேலைக்கு என்ன பெயர்? போத்தலுக்குள் ஈரப்பதன் நூறு வீதத்தைத் தொட்டு நிற்கும். சாப்பாடும் அந்தக் கூழ் ஊடகத்திலேயே இருக்கிறது. லீற்றருக்கு 30 கிராம் சீனி. அதனால் இலையில் மெழுகுப்படை சரியாகப் படியாது, இலைவாயும் (இலையின் நுண்துளை) ஒழுங்காக மூடாது. அப்படியே வறண்ட கச்சான் காற்றில் வைத்தால் ஒரு பின்னேரத்தில் துவண்டுவிடும். ஆய்கூட வேலையை நாங்கள் செய்வோம். பெண்கள் கையில் வருவது இந்தப் படி மட்டுமே. ஆகவே இந்தச் சொல் அவர்கள் வாயில் புழங்கவேண்டும்.

கல்முனை, புதன் காலை

தங்கச்சி, புதிதாக யோசிக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் வன்மையாக்குதல் என்கிறார்கள். அதையே எடுங்கள். நாம் கலம், இழையம் என்பதை அவர்கள் செல், திசு என்று கடலுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பது போதும். நம் பிள்ளைகள் இணையத்தில் தேடும்போது ஒரு சொல்லாவது இரண்டு கரையிலும் ஒன்றாக இருக்கட்டும்.

அக்கரைப்பற்று, புதன் காலை

சேர், உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். வன்மை என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு வன்னீரும் மென்னீரும்தான் நினைவுக்கு வரும். அத்தோடு, கற்றாழை வன்மையாவதே இல்லை. மடல் கடைசிவரை சதைப்பற்றுத்தான். மெழுகு தடிக்கிறது, இலைவாய் திறந்து மூடப் பழகுகிறது, மண்ணுக்கு ஏற்ற புதுவேர் வருகிறது. சூழலோடு இணங்குகிறது, அவ்வளவுதான். இணக்கல் என்று வைக்கலாம். இசைவாக்கம் மட்டும் வேண்டாம். பாடநூலில் அது தலைமுறை தலைமுறையாக நடக்கும் மாற்றத்துக்கு உரியது. இது ஒரு கன்றின் ஆயுளுக்குள் முடிகிற காரியம்.

காரைதீவு, புதன் பிற்பகல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு, 'ஆக்கல்' என்று பின்னால் ஒட்டிக்கொண்டே போனால் விளக்கம் வரும், சொல் வராது. தன்வினையைப் பிறவினையாக்கிப் பாருங்கள். தேறு, தேற்று. காய்ச்சலில் கிடந்த பிள்ளை தேறிவிட்டது என்கிறோம். கன்றைத் தேறச் செய்வது தேற்றல்.

இதன் வேர் ஆழமானது. தொல்காப்பியர் 'ஏ' என்ற இடைச்சொல்லுக்குச் சொன்ன ஐந்து பொருளில் முதலாவது தேற்றம். தெளிவும் உறுதியும் அதில் ஒன்றாக நிற்கின்றன. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையும் இதே குடும்பம். கலித்தொகை அந்த மரத்தை இல்லம் என்றும் கொட்டையைக் காழ் என்றும் சொல்லி, கலங்கிய நீர் தெளிவதை உவமையாக்குகிறது. காழ் என்பது வித்து மட்டுமல்ல, மரத்தின் வைரமும் காழ்தான். கல்முனைத் தம்பி தேடும் வன்மை அங்கேயே இருக்கிறது. 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த ஊர் இது. இரவல் வாங்கவேண்டிய நிலை நமக்கு இல்லை.

கல்முனை, புதன் மாலை

ஐயா, தேற்றம் என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் கேத்திரகணிதத்தைத்தான் நினைக்கும். பைதகரசின் தேற்றத்தைத் தட்டில் நட முடியாது.

காரைதீவு, புதன் மாலை

நான் சொன்னது தேற்றல், தேற்றம் அன்று. ஆட்டமும் ஆட்டலும் ஒன்றா?

அக்கரைப்பற்று, புதன் மாலை

ஐயா, சொல் அழகானதுதான். ஆனால் எங்கள் ஊர்களில் தேற்றுவது மௌத்து வீட்டில். கன்றைத் தேற்றுங்கள் என்றால் அந்தப் பெண்கள் அது செத்துப்போய்விட்டது என்றே எடுப்பார்கள்.

நிந்தவூர், புதன் இரவு

நான் தவறணைக்காரன். இலக்கணத்தை ஐயாவுக்கு விட்டேன். மிளகாய் நாற்றைப் பிடுங்க முன்னம் தண்ணியைக் குறைச்சு, கிடுகை விலத்தி வெயில் காட்டுவம். அதுக்கு வெயிலுக்குப் பழக்குறது என்று பெயர். எங்கட உம்மா காலத்திலயும் அதுதான்.

இன்னொரு விசயம். போத்தல் கற்றாழை காஞ்சு சாகிறதை விட அழுகிச் சாகிறது கூட. வேரில ஏகார் கொஞ்சம் கிடந்தாலும் அந்தச் சீனிக்குப் பூஞ்சணம் வந்திரும். மூடியைத் திறக்கப் பயந்து ஈரத்தோட வைச்சிருந்தாலும் அடி கறுத்துப் பிசுபிசுக்கும். வன்மை, தேற்றல் என்று எழுதினா ஆக்கள் பசளை போட்டுப் பலப்படுத்தச் சொல்றதா நினைச்சு, வந்த முதல் கிழமையே யூரியாவைப் போடுவாங்க. பழக்குறது என்றா, ஈரத்தைக் குறைக்கவும் வெளிச்சத்தைக் கூட்டவும் என்று தன்னால விளங்கும்.

தலைப்பில வெறும் கற்றாழை என்று போடாதீங்க. சோற்றுக்கற்றாழை என்று போடுங்க. நார் எடுக்கிற ஆனைக்கற்றாழையைக் கொண்டுவந்து நீட்டின ஆக்களும் இரிக்காங்க.

காரைதீவு, வியாழன் அதிகாலை

நிந்தவூர்த் தம்பி சொன்ன அழுகல் விசயம் கைந்நூலில் கட்டாயம் வரவேண்டும். சொல்லைப் பற்றி: பழக்குவது மாட்டையும் யானையையும். அறிவுள்ள உயிர்தான் பழகும். பயிருக்கு அதைச் சொல்வது பேச்சில் செல்லும், கலைச்சொல்லாக நிற்காது.

அக்கரைப்பற்று, வியாழன் காலை

வெயில் கண்ணுக்குப் பழகியது, கை வேலைக்குப் பழகியது என்கிறோமே ஐயா. கண்ணுக்கும் கைக்கும் தனி அறிவா இருக்கிறது? நான் இணக்கலை விட்டுவிட்டேன். என் வாக்குப் பழக்கலுக்கு.

வந்தாறுமூலை, வியாழன் நண்பகல்

அச்சகத்தார் இரண்டு தரம் அழைத்துவிட்டார்கள். 'கன்று பழக்கல்' என்று போடுகிறேன். நிந்தவூர் நானா சொன்ன காரணம்தான் என்னை முடிவெடுக்க வைத்தது: சொல்லைக் கேட்டவுடன் கை சரியான வேலைக்குப் போகவேண்டும். தலைப்பு சோற்றுக்கற்றாழை. வேர் கழுவுவதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். வன்மையாக்குதலைச் சொல்லடைவில் சேர்க்கிறேன், தேடுகிறவர்களுக்கு உதவும்.

கல்முனை, வியாழன் நண்பகல்

சொல்லடைவில் வந்தால் எனக்குப் போதும்.

காரைதீவு, வியாழன் மாலை

எனக்குப் போதாது. அச்சை மறிக்கமாட்டேன், பெண்களின் பயிற்சி நடக்கட்டும். ஆனால் கன்று தட்டில் பிழைத்து முதல் புதுமடல் விட்ட பிறகு அந்தப் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள் மகள். 'பழகிட்டுது' என்பார்களா, 'தேறிட்டுது' என்பார்களா? இரண்டாம் பதிப்பில் இதை மறுபடி எடுப்பேன்.