ரெசின் கம்மலும் ரங்கூன் கரண்ட்டும்

குரூப்: நம்ம வீட்டு ஆளுங்க
ஞாயிறு, ராத்திரி 7:48

கவிதா: வந்துட்டேன் வந்துட்டேன், ஆளாளுக்கு போன் போடாதீங்க, விபிஎன் வேற அப்பப்ப போயிடுது

கவிதா: [போட்டோ]

கவிதா: இதான் இன்னிக்கு வொர்க்ஷாப்ல ஊத்துனது. இன்னும் அச்சுக்குள்ளதான் இருக்கு, நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் தொடவே கூடாதுன்னு சயாமா, அதான் எங்க டீச்சரம்மா, சொல்லி அனுப்பிருக்காங்க

பெரியம்மா: என்னடி இது கடல்பாசி ஊத்தி வச்சிருக்க. தேங்காப்பால் போடலயா

தீபா: 😂😂😂

கவிதா: பெரியம்மா அது ரெசின், ஊத்துனா இறுகி கண்ணாடியாட்டம் ஆகுற பிசின். கம்மலு. உள்ள மஞ்சளா தெரியுது பாருங்க, அது பதாவ் பூ இதழு. திஞ்சான் தண்ணித் திருவிழா சமயத்துல பூத்தப்ப பறிச்சு கனமான புக்குக்குள்ள வச்சிருந்தேன்ல, அதேதான்

வசந்தி அக்கா (மோல்மேன்): அய்யோ அழகு. எங்க வீட்டு வாசல்ல மல்லி கொத்து கொத்தா இருக்கு, பறிச்சு அனுப்பவா

கவிதா: அக்கா பச்சைப் பூ ஆகவே ஆகாது. பூவுல இருக்கற ஈரம் உள்ள மாட்டிக்கிட்டு குமிழி வரும், நாலு நாள்ல பழுப்பாயிடும். நல்லா காஞ்சு, விரல்ல புடிச்சா மொறுமொறுன்னு இருக்கணும். இந்த மழையில புக்குல வச்சாகூட பூசணம் புடிக்குது, அதனால டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு அதுக்குள்ள பூவைப் புதைச்சு மூடி வைக்கச் சொல்றாங்க. புது செருப்பு வாங்குனா பாக்கெட்ல குட்டி குட்டி உருண்டை வருமே, அதான். மல்லி வேற வெள்ளை, எவ்ளோ காஞ்சாலும் ரெசினுக்குள்ள அந்த வெள்ளை நிக்காது, மங்கி கண்ணாடியாட்டம் ஆயிடும்னாங்க

வசந்தி அக்கா (மோல்மேன்): அப்ப எதுக்கு ஆசை காட்டுன

தீபா: அக்கா எப்படி செஞ்சீங்கன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க. நான் போன வாரம் வீடியோ பாத்தேன், லைட்டுக்கு அடியில வச்சா ரெண்டு நிமிஷத்துல கல்லாயிடுது

கவிதா: அது யூவி ரெசின் தீபா. ஒரே பாட்டில், கலக்க வேண்டாம், விளக்குக்கு அடியில வச்சா இறுகிடும். ஆனா மெல்லிசா மெல்லிசா ஊத்தணும், கலர் கெட்டியா போட்டா வெளிச்சம் உள்ள போகாம அடியில கொழகொழன்னே நிக்கும். அதுவும் நம்ம தெருவுல கரண்ட் வர்ற லட்சணத்துக்கு விளக்கை நம்பி ஒரு வேலையா? சயாமாவே சிரிச்சுட்டாங்க. இங்க எபாக்ஸிதான் சரி, அதுக்கு கரண்ட்டே வேண்டாம், ரெண்டு பாட்டில், ஏ ஒண்ணு பி ஒண்ணு, கலந்தா தானா இறுகும்

கவிதா: ஆனா அந்தக் கலக்கறதுலதான் உயிரே இருக்கு. பூ வைக்கறது மினுக்குப் பொடி தூவறது எல்லாம் கடைசி கால்மணி நேரந்தான், காலையிலேர்ந்து பாதி நேரம் அளக்கறதும் கிண்டறதும்தான். பாட்டில்ல சரிக்குச் சரின்னு போட்டிருந்தா அது அளவுக் கணக்கா எடைக் கணக்கான்னு பாக்கணுமாம், ஏ பாகம் கனம் ஜாஸ்தி, அதனால கோடு போட்ட கப்புல சமமா ஊத்துறதும் தராசுல சமமா வைக்கறதும் ஒண்ணு கிடையாது. சீக்கிரம் இறுகட்டும்னு ஹார்டனரை, அதான் அந்த இறுக வைக்கற பி பாட்டிலை, கூட ஊத்துனா சீக்கிரமும் ஆகாது, என்னைக்கும் ஒட்டிக்கிட்டே கிடக்கும்

தீபா: எங்க கெமிஸ்ட்ரி லேப்பே பரவால்ல

கவிதா: கிண்டறது அதவிட. ஐஸ் குச்சிய வச்சு மெதுவா, மூணு நாலு நிமிஷம், கப்போட ஓரம் அடி எல்லாம் வழிச்சு வழிச்சு. முதல்ல உள்ள இழை இழையா ஓடும், கலங்கலா இருக்கும், திடீர்னு பாத்தா தெளிஞ்சு அடியில இருக்கற கோடு பளிச்னு தெரியுது. அந்த நிமிஷம் நல்லா இருந்துச்சு. வேகமா கிண்டுனா காத்து போய் நுரை. ஊத்துன அப்புறம் மேல வர்ற குமிழிக்கு லைட்டரை ஒரு தடவை சர்ருனு காட்டிட்டு எடுத்துடணும், அங்கேயே புடிச்சா சிலிக்கான் அச்சு போயிடும்

பெரியம்மா: நெருப்பு வேறயா. அப்பன்கிட்ட சொன்னியா

கவிதா: நெருப்பைவிட கப்பு பயங்கரம் பெரியம்மா. எனக்கு எதுத்தாப்ல இருந்த பொண்ணு நிறைய கலக்கி வச்சுட்டு செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்துச்சு, ரெசின் இறுகறப்ப தானா சூடாகும், மொத்தமா ஒரே கப்புல குவிஞ்சு கிடந்தா சூடு வெளிய போக வழியில்ல, கப்பு நெளிஞ்சு புகையே வந்துருச்சு. சயாமா இடுக்கியால தூக்கி வெளிய வராந்தாவுல வச்சாங்க. அதனால கொஞ்சம் கொஞ்சமாத்தான் கலக்கணும், கலந்தா அரைமணி நேரத்துக்குள்ள ஊத்தி முடிச்சுடணும்

சேகர் மாமா: எல்லாம் சரி. கடைசியில அது பிளாஸ்டிக்தானே

தீபா: வந்துட்டாரு நம்ம ஸ்காட் மார்க்கெட்டு கல் நிபுணரு

சேகர் மாமா: இல்லம்மா நான் ஒண்ணும் குறை சொல்லல. நம்ம பர்மாவுல மரமே ரெசின் ஊத்தி வச்சிருக்கு, கச்சின் பக்கம் ஹூக்காங் பள்ளத்தாக்குல தோண்டுற அம்பர், அதாவது கல்லாப்போன மரப்பிசின், ஏறக்குறைய 9 கோடியே 90 லட்சம் வருஷம் பழசு. 2015ல மிட்சினா அம்பர் சந்தையில ஒரு துண்டு வித்துச்சு, உள்ள ஏதோ செடின்னுதான் நினைச்சாங்க, சீனாக்கார ஆராய்ச்சியாளர் வாங்கிட்டுப்போய் பாத்தா இறகோட டைனோசர் வாலு. 2016ல உலகம் பூரா நியூஸ். அதுக்கு முன்னாடி உன் பதாவ் பூ எம்மாத்திரம்

கவிதா: மாமா என் பூவுக்கு அவ்ளோ வயசு வேண்டாம், தீவாளி வரைக்கும் மஞ்சளா இருந்தா போதும்

சேகர் மாமா: சிரிக்கிற. நான் சொல்ல வந்தது வேற. தீபா இப்பவே விக்கலாமான்னு ஆரம்பிப்பா பாரு. வித்துக்கோ, ஆனா ரெசின்னு சொல்லி வித்துக்கோ. தேன் கலர் போட்டு உள்ள ஒரு பூச்சிய வச்சு அம்பர்னு தள்ளுறவன் எத்தனை பேர் தெரியுமா. பூச்சி நட்டநடுவுல ஆறு காலும் விரிச்சு முழுசா போஸ் குடுத்துச்சுன்னாலே சந்தேகப்படணும், நெசத்துல மாட்டுனது பாதிக்கு மேல கால் ஒடிஞ்சு இறக்கை மடங்கி ஓரமாத்தான் கிடக்கும்

முத்து (சென்னை): மாமா உப்புத்தண்ணியில போட்டா மிதக்கும்னு சொல்வாங்களே, அது கரெக்ட்டா

சேகர் மாமா: அம்பர் மிதக்கும், அது நெசம். ஆனா சில பிளாஸ்டிக்கும் மிதக்கும், எபாக்ஸிகூட உப்பு நல்லா கரைஞ்சிருந்தா மேல வந்துடலாம். முழுகுனா அம்பர் இல்லன்னு ஓரளவு சொல்லலாம், மிதந்துட்டா அதை வச்சு காசு குடுத்துடாத

தீபா: மாமா நான் விக்கறதப் பத்தி இன்னும் வாயே திறக்கல 😤

தீபா: ஆனா விக்கலாம்ல?

கவிதா: மழைக்காலம் முடியட்டும்டி. இப்ப காத்துல ஈரம், மேல ஒரு எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படியுது, சோப்புத் தண்ணியில தொடச்சா போகும்னாலும் பளபளப்பு குறைஞ்சிடுது. அச்சுலேர்ந்து எடுத்தாலும் முழுசா இறுக இன்னும் ரெண்டு மூணு நாளாவது ஆகும், அதுக்குள்ள கொக்கி மாட்டி தொங்கவிட்டா வளைஞ்சுக்கும். அப்புறம் ஓரத்தை உப்புத்தாள் போட்டு தேய்க்கணும், தண்ணியில நனைச்சுதான், காஞ்சபடி தேய்ச்சா அந்தத் தூசி மூக்குக்குள்ள போகும். 400 நம்பர் தாள்ல ஆரம்பிச்சு நைசான 2000 நம்பர் வரைக்கும். கையே விட்டுப்போகும். இதுக்கெல்லாம் எவ்ளோ விலை சொல்லுவ, தெருவுல சீனா கம்மல் குமிச்சு வச்சு விக்கறான்

வசந்தி அக்கா (மோல்மேன்): லீவுல சின்னவளை கூட்டிட்டு வர்றேன், அவளுக்கும் சொல்லிக்குடேன், இதுல நல்லா ஆர்வம்

கவிதா: அக்கா கோச்சுக்காதீங்க, அவ பூ அடுக்கட்டும், கலர் சொல்லட்டும், ஊத்தறப்ப ரூம்ல வேண்டாம். இறுகாத ரெசின் தோல்ல பட்டுக்கிட்டே இருந்தா அலர்ஜி வந்துடுமாம், ஒரு தடவை வந்துட்டா அப்புறம் ஆயுசுக்கும் கொஞ்சம் பட்டாலும் அரிக்கும். நாங்களே அந்த நீலக் கலர் நைட்ரைல் கிளவுஸ் போட்டுதான் தொட்டோம், ஜன்னல் எல்லாம் திறந்து வச்சு. சாதா துணி மாஸ்க் வாடையை நிறுத்தாது. கையில பட்டா ஸ்பிரிட் தின்னர் போட்டுத் தேய்க்காதீங்க, அது இன்னும் உள்ள இழுத்துட்டுப் போகும், சோப்பு போட்டுக் கழுவணும்

வசந்தி அக்கா (மோல்மேன்): சரி சரி பூ அடுக்கட்டும், அதுக்கே ஆடுவா

முத்து (சென்னை): அச்சு கொக்கி வளையம் எல்லாம் சவுகார்பேட்டையில மொத்தமா கிடைக்கும், யாராச்சும் வர்றப்ப குடுத்து விடுறேன். ஹார்டனர் மட்டும் கேக்காதீங்க, அதை பிளைட்ல ஏத்த மாட்டாங்க

கவிதா: அச்சு போதும் முத்து. ஜிமிக்கி மாதிரி கிண்ண அச்சு இருந்தா பாரு, இங்க வட்டமும் இதயமும்தான் திரும்பத் திரும்ப

பெரியம்மா: ஏண்டி ஈரம் இல்லாதது எதுவா இருந்தாலும் உள்ள வைக்கலாமா

கவிதா: காஞ்சதா இருந்தா வைக்கலாம், ஏன்

பெரியம்மா: அப்பத்தா கூறைப்புடவை இருக்கு பெட்டியில. துணி எல்லாம் இத்துப்போச்சு, தொட்டா கிழியுது, ஜரிகை மட்டும் நிக்குது. எறியவும் மனசு வரல

தீபா: பெரியம்மா!!! டாலர்!!!

கவிதா: அய்யோ பெரியம்மா முன்னாடியே சொல்லிருக்கலாம்ல. முந்தானை ஓரத்துல விரல் அகலம் வெட்டுனா போதும். துணியில காத்து நிக்கும், அதனால முதல்ல ரெசின்ல நல்லா ஊறவச்சு அப்புறம் அச்சுல வைக்கணும். ஆனா பட்டு நனைஞ்சா கலர் கொஞ்சம் அடர்த்தியாத் தெரியும், ஒரு சின்ன துண்டுல பாத்துட்டுதான் நல்லதைத் தொடுவேன். வெயில்ல போட்டு வைக்கக்கூடாது, போகப்போக ரெசின் மஞ்சளாகும்

பெரியம்மா: எத்தனை பொண்ணுங்க வீட்டுல, அத்தனையும் செய். மருமகளுங்களுக்கும்

சேகர் மாமா: ஆம்பளைங்களுக்கு?

பெரியம்மா: உனக்கு சாவிக்கொத்து

சேகர் மாமா: அது போதும்

கவிதா: அப்ப அடுத்த ஞாயிறு பெரியம்மா வீட்டு மாடி வராந்தா, அங்கதான் காத்து வரும். தராசு நான் கொண்டு வர்றேன். ரெண்டு கிண்ணமும் ஒரு ஸ்பூனும் குடுங்க

பெரியம்மா: எடுத்துக்கோ, அடுப்படியில நிறைய கிடக்கு

கவிதா: குடுத்தா திரும்பி அடுப்படிக்கு வராது, ரெசின் பட்ட பாத்திரத்துல அப்புறம் சாப்பாடு கூடாது. மீந்ததை சாக்கடையிலும் ஊத்தக்கூடாது, கப்புலயே இறுகவிட்டு குப்பையில போடணும்

பெரியம்மா: அப்ப எவர்சில்வர் கிண்ணம் கிடையாது. தயிர் டப்பா தர்றேன்